பழைய பெருஞ்சாலையில் பயணமும் இராத் தங்கலும்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். "இந்த வருஷமாவது பிள்ளைகளைக் கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். பிறகு இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசுவார்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, நெடுஞ்சாலையில் விரைந்து, பத்துமலையில் கும்பிட்டு, நகரத்தைச் சுற்றி, அன்றிரவே திரும்பிவிடுவார்கள். போகும்போதும் வரும்போதும் பிள்ளைகள் தூங்குகிறார்கள். தூங்காதவர் ஒருவர்தான், வண்டி ஓட்டுகிறவர். அவரும் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதே பயணத்தைப் பழைய சாலையில், இரண்டு இரவு தங்கி, நிதானமாகச் செய்யலாம். அதை எப்படித் திட்டமிடுவது, முக்கியமாக இரவில் எங்கே படுப்பது என்பதே இன்றைய பேச்சு.

பழைய சாலை என்று நான் சொல்வது முதலாம் எண் கூட்டரசுச் சாலையை. நம் பெரியவர்கள் அதை டிரங்க் ரோடு என்பார்கள். தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாமுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் சாலை அது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும்வரை, வடக்கிலிருந்து கோலாலம்பூருக்கு வண்டியில் போக அதுவே பெருவழி. வெள்ளைக்காரர் காலத்தில் பொதுப்பணித் துறையில் மண் வெட்டியவர்களிலும் கல் உடைத்தவர்களிலும் பெரும் பகுதியினர் தமிழ்த் தொழிலாளர்கள். ஆகவே அந்தச் சாலையில் போவது நம் தாத்தா பாட்டியின் உழைப்பின்மேல் போவதாகும். இன்னொரு நன்மை, அதற்குச் சாலைக் கட்டணம் கிடையாது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு பழைய சாலை உண்டு. சிகாகோவிலிருந்து கலிபோர்னியா கடற்கரைவரை செல்லும் 66ஆம் எண் சாலை அது. 1926இல் ஏற்பட்ட அந்தச் சாலை, புதிய நெடுஞ்சாலைகள் வந்தபின் 1985இல் அரசாங்கப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனாலும் படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டிகளில் குடும்பங்கள் இன்றும் அதில் மெதுவாகப் போகின்றன. இரவில் எந்த முகாமில் நிறுத்துவது என்று புறப்படும் முன்பே குறித்துக்கொள்கிறார்கள். இங்கேயும் இப்போது அத்தகைய வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நமக்கு வேனே போதும். ஆனால் இரவை முன்கூட்டியே குறித்துவைக்கும் பழக்கத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சரி, புறப்படுவோம். ஜார்ஜ் டவுனிலிருந்து வண்டியைக் கப்பலில் ஏற்றிய காலம் போய்விட்டது. இன்றைய படகுகள் ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. 1985இல் திறந்த முதல் பாலம், 2014இல் திறந்த இரண்டாம் பாலம் என இரண்டு வழி உண்டு. எதில் போனாலும் தெற்கே திரும்பி நிபோங் திபாலை அடையலாம். செபராங் பிறையின் இந்தப் பக்கத்தில்தான், ரப்பர் வருவதற்கு முன்பே, கரும்புத் தோட்டங்களில் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்தார்கள். அப்பால் பாரிட் புந்தார், பாகான் செராய் வழியே இருபுறமும் வயல்கள் வரும்.

முதல் இரவுக்குத் தைப்பிங் அல்லது கோலகங்சார் ஏற்ற இடம். பினாங்கிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்குள் அடங்கும். தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய அரும்பொருட் காட்சியகம் இருக்கிறது. ஆனால் தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். அங்கே கூடாரம் வேண்டாம், கூரையுள்ள விடுதியில் தங்குங்கள். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே, 1877இல் வந்த நாற்றுகளில் வளர்ந்த ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. பிள்ளைகளை அதன்கீழ் நிறுத்தி, "உன் பாட்டி வெட்டிய பால்மரங்களுக்கெல்லாம் இது மூத்தது" என்று சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் பயணம் தஞ்சோங் மாலிம்வரை, ஏறத்தாழ 170 கிலோமீட்டர். வழியில் சுங்கை சிப்புட்டில் 1954இல் திறந்த மகாத்மா காந்தி கலாசாலையைப் பார்க்கலாம். தோட்டத் துண்டாடலின்போது தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் இவ்வூர்க்காரர். ஈப்போவில் மதியச் சாப்பாடு. கம்பாரில், 1941 டிசம்பர் கடைசியிலும் 1942 ஜனவரி முதலிலும் ஆங்கிலேய, இந்தியப் படைகள் ஜப்பானியரை நான்கு நாள் தடுத்து நிறுத்தின. சாலையோரக் குன்றுகளைக் காட்டி அதைச் சொல்லலாம். தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கிய நிலையம் இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். தமிழாசிரியர்களும் அங்கே உருவாகிறார்கள். படிக்கும் பிள்ளைகள் அதன் வாசலையாவது பார்க்கட்டும். மூன்றாம் நாள் ரவாங் வழியாகப் பத்துமலைக்கு 80 கிலோமீட்டருக்குள்தான்.

இனி இராத் தங்கலைப் பற்றிக் கவனமாகக் கேளுங்கள். முன்பு பல பட்டணங்களில் அரசாங்க ஓய்வு விடுதிகள் இருந்தன. அவற்றில் பல இப்போது இல்லை. சிறு விடுதிகள், கோயில் மண்டபங்கள், உறவினர் வீடுகள், கூடார முகாம்கள் ஆகியவையே இன்று நமக்குள்ள வழிகள். எதுவானாலும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை, கழிவறை உண்டா என்பதைச் சொல்லியும் கேட்டும் வையுங்கள். கோயில் மண்டபமானால் நிர்வாகத்தாரின் அனுமதி வேண்டும். புறப்படும்போது கூட்டித் துடைத்துவிட்டு வருவது நம் கடமை.

கூடாரம் போடுகிறவர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். முதலாவது, இடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் உண்டா? இரண்டாவது, பக்கத்தில் செங்குத்தான மேடு இருக்கிறதா? மூன்றாவது, ஆறு எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது?

2022 டிசம்பர் 16ஆம் தேதி, விடியும் முன்னே, பத்தாங் காலிப் பகுதியில் ஒரு முகாமின்மேல் மேட்டு மண் சரிந்தது. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்தன. 31 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இருக்கவில்லை என்பது பிறகு தெரிய வந்தது. பத்தாங் காலிப் பட்டணம் நாம் பேசும் இதே சாலையில்தான் இருக்கிறது. அழகான இடம், குளிர்ந்த காற்று என்பதை மட்டும் பார்த்து இடம் பிடிக்கக் கூடாது. மரங்கள் ஒருபக்கமாய்ச் சாய்ந்திருந்தாலும், நிலத்தில் வெடிப்பு தெரிந்தாலும், மேட்டிலிருந்து கலங்கிய நீர் கசிந்தாலும், கட்டிய பணம் போனால் போகட்டும் என்று வேறிடம் போங்கள்.

அருவிக்கரையிலும் இதே எச்சரிக்கை. நம் தலைக்குமேல் வெயில் அடிக்கும். மலையின்மேல் மழை கொட்டும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் வெள்ளம் திடீரென இறங்கும். தண்ணீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், மேலே இரைச்சல் கேட்டாலும், சாமான்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளுடன் மேடேறுங்கள். இரவில் ஆற்றோரம் படுக்கவே வேண்டாம்.

வேனிலேயே படுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடிகளை மூடி, எஞ்சினை ஓடவிட்டு, குளிர்சாதனத்தில் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் தூங்கியபடியே போய்விடுவார். கூடாரத்துக்குள் கரியடுப்போ கேஸ் அடுப்போ வைப்பதும் அதே ஆபத்து.

செலவுக்கு ஒரு யோசனை. பணத்தை எண்ணெய், சாப்பாடு, தங்கல், அவசரம் என நான்கு உறையில் போடுங்கள். சாப்பாட்டு உறை தீர்ந்தால் சோறு கட்டிக்கொண்டு போய்ச் சமாளிக்கலாம். தங்கல் உறையிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அந்தப் பணம் குறைந்தால் கண்ட இடத்தில் படுக்க நேரும். அவசர உறை வீடு திரும்பும்வரை திறக்கப்படாமல் இருக்கட்டும்.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு தாளில் மூன்று நாளையும் எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அன்றிரவு படுக்கும் இடத்தையும், அதன் தொலைபேசி எண்ணையும் குறியுங்கள். தாளின் ஒரு படியை வீட்டில் இருக்கும் பெரியவரிடம் கொடுங்கள். அடியில் 999 என்ற அவசர எண்ணையும் எழுதிவையுங்கள். இரவுக்கு எதிரே இடம் எழுதப்படாமல் காலியாக இருந்தால், அந்தப் பயணத்துக்கு இன்னும் வேளை வரவில்லை என்று கொள்ளுங்கள்.