தில்லையும் புன்னையும் இந்தக் கரையின் மரங்கள்



பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், நம் புக்கிட் தெங்காவில் நின்று ஒரு பக்கம் திரும்பினால் புக்கிட் மெர்தாஜாம் மலை. மறுபக்கம், ஜூரு ஆறு கடலில் சேரும் சதுப்பு. மலைக்காட்டுக்கும் கடற்காட்டுக்கும் நடுவே குடியிருக்கிறோம். ஆனாலும் இந்த மண்ணின் மரம் ஒன்றைச் சொல் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் ரப்பர் என்பார்கள், செம்பனை என்பார்கள். ரப்பர் பிரேசில் நாட்டு மரம். 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம்.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. 1840களில் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். கையில் கத்தியும் மண்வெட்டியும் கொடுத்தார்கள். பேர்கூடத் தெரியாத மரங்களை அவர்கள் வெட்டிச் சாய்த்தது துரைமார் இட்ட வேலை. அந்தப் பழி அவர்களுக்கு வேண்டாம். ஆனால் இத்தனை தலைமுறைக்குப் பிறகும் நமக்கு அந்தப் பேர்கள் தெரியவில்லையே, அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

அந்நியமான மரங்களா அவை? தில்லையை எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்துக்கே பேர் கொடுத்த மரம். அங்கே அதைப் பார்க்க இன்று பிச்சாவரம் சதுப்புக்குத்தான் போக வேண்டும். அதே தில்லை இந்த மலாய்த் தீபகற்பத்தின் கடலோரச் சதுப்புகளிலும் தானாகவே வளர்கிறது. மலாய்க்காரர்கள் பூத்தா பூத்தா என்பார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும், ஆகவே பள்ளிக்கூடத்தில் வைக்கிற மரமில்லை, சதுப்பிலேயே இருக்கட்டும். அதற்கு அந்தச் சதுப்பு இருக்க வேண்டும்.

புன்னை? மயிலைக் கபாலீசுவரர் கோவிலின் தல விருட்சம். நற்றிணையில் ஒரு தலைவி, புன்னையை உடன்பிறந்தவளாக எண்ணி அதன் நிழலில் காதலனோடு பேச நாணுகிறாள். 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய, இன்று ஜார்ஜ் டவுன் நிற்கும் முனைக்கு அப்போது தஞ்சோங் பெனாகா என்று பேர். அந்தப் பெனாகா நம் புன்னைதான்!

பினாங்குத் தீவில் தைப்பூசத்துக்குக் காவடியோடு ஏறுகிறோமே தண்ணீர்மலை, அது கொடிமலைக் காட்டின் அடிவாரம். அந்தக் காடும் சேர்ந்த 12,481 ஹெக்டேரை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. மகிழ்ச்சி. ஆனால் அந்த எல்லை தீவோடு முடிந்துவிடுகிறது. பெருநிலத்துச் சதுப்பில் இருக்கிற நம் கண்டல் காட்டுக்கு யார் காவல்?

கண்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். அதன் விதை மரத்தில் தொங்கும்போதே முளைவிடுகிறது. தாய்மரம் ஊட்ட ஊட்ட நீண்டு வளர்ந்து, பிறகுதான் சேற்றில் விழுகிறது. விழுந்த இடத்தில் வேர்பிடிக்கும், இல்லையென்றால் அலையோடு போய் வேறொரு கரையில் ஊன்றும். தாங்கு வேர்கள் அலையின் வேகத்தை உடைக்கும், சேற்றைப் பிடித்து வைக்கும். அந்த வேர்களுக்கிடையில்தான் மீன்குஞ்சும் இறாலும் வளர்கின்றன. 2004 ஆழிப்பேரலையில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் நம் பினாங்கு மாநிலத்தில் இறந்தார்கள். கடலோரக் காடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான்.

1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றைக் கெடுத்தது. கோல ஜூரு மீனவர்களின் வலையில் மீன் குறைந்தது. அவர்கள் ஊரைவிட்டு ஓடவில்லை. சிப்பி வளர்த்துப் பிழைத்தார்கள், நியாயமும் கேட்டார்கள். அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் எஸ்.எம். முகமது இத்ரிஸ். தமிழ்நாட்டில் பிறந்தவர், 2019இல் மறையும்வரை ஆற்றுக்காகவும் காட்டுக்காகவும் ஓயாமல் பேசியவர். மலாய் மீனவரின் சதுப்புக்குத் தமிழர் ஒருவர் போராடினார் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை.

மலைப்பக்கம் வாருங்கள். செரோக் தொக்குன் காட்டில் மெங்குண்டோர் மரம் ஒன்று, பலகை வேர்களைப் பரப்பி நிற்கிறது. கம்போடியாவில் தா புரோம் கோவிலைக் கவ்விக்கொண்டிருப்பதும் இதே இனந்தான். அதே அடிவாரத்தில், செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்தில், பல்லவ எழுத்துப் பொறித்த பாறை இருக்கிறது. 1845இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ அடையாளம் கண்டது. கரும்புத் தோட்டம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே கடல் கடந்து பல்லவ எழுத்து இந்தக் காட்டு நிழலுக்கு வந்துவிட்டது.

கோவில் நிர்வாகத்தினரே, கும்பாபிஷேகம் முடிந்ததும் வாசலுக்கு அழகுச்செடி வாங்குகிறீர்கள். இந்த முறை புன்னை வையுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, பழுத்து விழும் புன்னைக் காய்களைப் பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லுங்கள். ஓட்டை உடைத்து, உள்ளிருக்கும் பருப்பு நசுங்காமல் எடுத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். கன்று வளர்க்கப் பள்ளியின் பின்கட்டில் ஒரு மூலை போதும். கண்டல் நடுவதற்குக் கடல் வற்றும் நேரத்தில் போக வேண்டும். அதைக் கரையோர மீனவர்களைக் கேட்டுக்கொண்டு, அவர்களோடு சேர்ந்தே செய்வோம். வருகிறவர்கள் இன்றே மேடைக்குப் பக்கத்தில் பேர் கொடுங்கள்.