கதிரை எதுவரை போகும்?

மூத்த உறுப்பினர்களே, பின்மதிலில் ஏறியிருக்கும் பிள்ளைகளே!

இந்த ஊரில் ஒரு செத்தவீடென்றால் யாரும் கூப்பிடத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் சனசமூக நிலையத்துக் கதிரைகள் முற்றத்துக்கு வந்துவிடும். விளையாட்டுக் கழகப் பெடியள் பந்தல் போடுவார்கள். ஒருவர் தேத்தண்ணிக்குச் சீனி வாங்க ஓடுவார். கணக்கெழுதாத இந்த நம்பிக்கையைத்தான் சமூகவியலாளர் சமூக மூலதனம் என்கிறார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு முகாமிலிருந்து கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பிய சனத்தை முதலில் தாங்கியதும் இதுதான்.

ரொபர்ட் பட்னம் என்ற அமெரிக்க அறிஞர் 2000ஆம் ஆண்டு வந்த நூலில் இதை இரண்டாகப் பிரித்தார். தம்மவரோடு இறுகுவது ஒன்று, அடுத்தவரோடு பாலம் போடுவது மற்றது. முதலாவதில் நாங்கள் விண்ணர். ஆனால் இந்தக் கதிரை எதுவரை போகும்? சாதி பார்த்து நின்றுவிடும் ஒழுங்கைகள் இன்றும் உண்டு. பெயர் சொன்னால் நான் நேரத்துக்கு வீடு போய்ச் சேரமாட்டேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எங்கள் இறுக்கம் அன்று அயலவருக்கு உதவவில்லை.

சிங்களப் பிள்ளைகளோடு? பள்ளிக்கூடங்களே மொழிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. எங்கள் பிள்ளைகளில் பலர் பதினெட்டு வயதுவரை ஒரு சிங்களப் பிள்ளையோடு சண்டைகூடப் பிடித்திருக்க மாட்டார்கள். பிறகு நல்லிணக்கம் என்று பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். ஒரே நிற ரீ-சேர்ட், மரநடுகை, குழுப்படம், பின்னேரம் வீடு. அந்த மரத்துக்கு மறுநாள் தண்ணி ஊற்றியது யார்?

இதற்கு மாறாக, 2022 மே 18ஐ நினைத்துப் பாருங்கள். பொருளாதார நெருக்கடிக்கு எதிராகக் கொழும்புக் காலிமுகத்திடலில் போராடிய சிங்கள இளைஞர்களும் சேர்ந்து முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள். கஞ்சி பரிமாறப்பட்டது. அதை எந்த அமைச்சும் ஒழுங்கு செய்யவில்லை. எரிபொருள் வரிசையில் எல்லோரும் பட்ட ஒரே பாடும், ஒரே திடலில் வாரக்கணக்காகச் சேர்ந்திருந்ததும்தான் அதைச் செய்தன.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைக்கிறேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017இலிருந்து வீதியோரக் கொட்டிலில் போராடும் தாய்மாருக்கு அரசு சொல்ல வேண்டிய பதிலை, இளைஞர்களின் கைகுலுக்கல் ஈடு செய்யாது. அந்தச் சுமையைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றாதீர்கள்.

எங்களால் செய்யக்கூடியது வேறு. எங்கள் நிலையத்தின் பொருளாளர் பதவியை இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குக் கொடுங்கள். இப்போதைய பொருளாளர் கோபிக்க வேண்டாம். காசும் பொறுப்பும் கையில் வந்தால்தான் வெளியாரோடு பேசும் துணிவு வரும். அடுத்த கிரிக்கெட் சுற்றுக்குச் சோனகதெருவிலிருந்து ஒரு முஸ்லிம் அணியையும், வவுனியா பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு அணியையும் கூப்பிடுங்கள். விடுதியில் விடாமல் உங்கள் வீடுகளில் படுக்கவையுங்கள். மறுவருடம் எங்கள் பெடியள் அங்கே போகட்டும், அதற்கடுத்த வருடமும் போகட்டும். இன்றைய பொதுக்கூட்டம் முடிவதற்குள் இதைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள். முன்மொழிய நான் தயார். வழிமொழிய மதிலில் இருக்கும் ஒருவர் இறங்கி வாருங்கள்.