நண்பர்கள் கூடி எடுக்கும் முதற்படம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடிக் குறும்படம் எடுக்க முனைந்திருக்கிறார்கள். அதுபற்றியே பேசுக என்று சங்கத்தார் பணித்தார்கள். மகிழ்ச்சியோடு இசைந்தேன். ஒரு காலத்தில் படப்பிடிப்புக் கருவி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்தது. இன்று கைப்பேசியிலேயே படம் பிடிக்கலாம். நம் தெருவின் கதையைப் பிறர் சொல்லக் கேட்டிருந்த நிலை மாறி, நாமே சொல்லும் நாள் வந்திருக்கிறது. ஆயினும், கருவி எளிதாகிவிட்டதே தவிர, மனிதர்கள் கூடி வேலை செய்வது எளிதாகிவிடவில்லை. முதற்படம் பெரும்பாலும் நண்பர்களை நம்பியே எடுக்கப்படுகிறது. படத்தால் நட்பு முறிவதுண்டு; நட்புக்கு அஞ்சிப் படம் கெடுவதும் உண்டு. இவ்விரண்டிலிருந்தும் தப்புவது எவ்வாறு என்பதே என் பேச்சின் பொருள்.

ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜார்ஜ் ரொமேரோ, ஜான் ரூஸோ, ரஸ்ஸல் ஸ்ட்ரைனர் என்னும் நண்பர்கள் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்து வந்தனர். 1967இல் பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ‘இமேஜ் டென்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். மேலும் பணம் திரட்டி, ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்னும் தங்கள் முதல் முழுநீளப் படத்தை முடித்தனர். தயாரித்தவர்களே நடித்தார்கள், நடித்தவர்களே ஒப்பனையும் ஒலியும் கவனித்தார்கள். கதாநாயகனாக டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகரைத் தேர்ந்தார்கள். கல்வியறிவு மிக்க அவர், தம் பாத்திரத்தின் உரையாடலைத் தாமே திருத்தியமைத்தார். நண்பர் குழு அதை ஏற்றுக்கொண்டது, பாத்திரம் உயர்ந்தது. எழுதியவர் கோபித்துக்கொள்வாரோ என்று அவர் வாய்மூடி இருந்திருந்தால் படத்திற்கன்றோ இழப்பு!

1968இல் படம் வெளிவந்து உலகமெங்கும் ஓடியது. ஆனால் நேர்ந்தது என்ன? வெளியிடும்போது படத்தின் பெயர் மாற்றப்பட்டது. புதிய பெயரட்டையில் பதிப்புரிமைக் குறிப்பைப் போட வெளியீட்டாளர்கள் மறந்துவிட்டனர். அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி, அக்குறிப்பு இல்லாத படம் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், விற்கலாம். பத்துப் பேரின் உழைப்புக்கு உரிய பெரும்பொருள் அவர்கள் கைக்கு வராமலே போயிற்று. பின்னர் ரொமேரோவும் ரூஸோவும் தனித்தனி வழி சென்றபோது, அடுத்த படங்களின் பெயரில் எச்சொல்லை யார் ஆள்வது என்று உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது. 1985ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஒருவர் வழியில் ஒரு படமும் மற்றவர் வழியில் வேறொரு படமும் வெளிவந்தன.

நம் நாட்டில் அத்தகைய குறிப்பு இல்லாவிட்டாலும் உரிமை போய்விடாது. ஆயினும் இங்கே வேறொரு செய்தியை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படம் ஒன்றின் ஆசிரியர் இயக்குநர் அல்லர், தயாரிப்பாளரே. படத்தை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்பவர் எவரோ அவரே தயாரிப்பாளர். நண்பர்கள் ஐவர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டால் அவர்களுள் தயாரிப்பாளர் யார்? படம் தொடங்கும் நாளில் யாரும் இதைக் கேட்பதில்லை. பரிசு வந்த நாளில் ஐவரும் கேட்பார்கள்! உரிமையை ஒருவர் மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பதாயின், எழுத்தில் கையொப்பமிட்டால்தான் செல்லும் என்பதும் அதே சட்டம்.

நண்பனிடம் எழுதி வாங்குவது அவமதிப்பு என்று சிலர் கருதுகின்றனர். நம் வீட்டுத் திருமணத்தில் தாய்மாமன் வைக்கும் மொய்யும் நோட்டில் ஏறுகிறது. எந்த மாமனாவது அதற்காக வருந்தியதுண்டா? எழுதாமல் விட்டால் அன்றோ வருத்தம்! பணம் எவ்வளவு, உழைப்பு எவ்வளவு, பெயர் எந்த வரிசையில் வரும், வருவாய் வந்தால் பங்கு எப்படி, இடையில் ஒருவர் விலகினால் என்ன செய்வது, இவற்றை ஒரே தாளில் எழுதி எல்லாரும் கையொப்பமிடுங்கள்.

அடுத்து, உழைப்பின் கணக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்த சார்லஸ் பர்னெட், பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது ‘கில்லர் ஆஃப் ஷீப்’ என்னும் படத்தை வார இறுதிகளில் எடுத்தார். அண்டை அயலாரும் நண்பர்களுமே அவருக்குத் துணை. செலவு 10,000 டாலருக்கும் குறைவு. உதவி ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. தோழர் ஹைலே கெரிமாவின் படத்திற்குப் பர்னெட் ஒளிப்பதிவு செய்தார். பில்லி உட்பெரியின் படத்திற்குக் கதை எழுதி ஒளிப்பதிவும் செய்தார். இன்று உன் படத்திற்கு நான், நாளை என் படத்திற்கு நீ என்பதே அவர்கள் முறை. எனினும் படத்தில் சேர்த்த பாடல்களுக்கு முறையான அனுமதி இல்லாமையால், 1977இல் முடிந்த அப்படம் 2007இல்தான் திரையரங்குகளுக்கு முறையாக வந்தது. அவ்வனுமதிக்கு மட்டும் 1,50,000 டாலர் ஆயிற்று. பிறர் பாட்டைக் கேளாமல் எடுத்து ஒட்டும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம்மிடையே மற்றொரு வேறுபாடும் உண்டு. மாதச் சம்பளக்காரத் தோழன் ஒருநாள் விடுப்பு எடுத்தால் அவனுக்குச் சம்பளம் குறையாது. நாட்கூலிக்குச் செல்லும் தோழன் ஒருநாள் படப்பிடிப்புக்கு வந்தால் அவன் வீட்டில் அன்று உலை கொதிக்காது. இருவரும் சமமாகத் தியாகம் செய்யட்டும் என்பது சமத்துவம் ஆகாது. அவனுடைய அன்றைய கூலியைப் படச்செலவில் முதற்செலவாக எழுதுங்கள். தாயின் நகையை அடகு வைத்துப் படம் எடுக்க வேண்டா. கையிலுள்ள பணத்திற்கு ஏற்பக் கதையைச் சுருக்குங்கள்.

இறுதியாக ஒன்று. கதை பேசும்போது எல்லாரும் வாதாடுங்கள். படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநர் ஒருவரின் சொல்லே முடிவாகட்டும். அதனால் மற்றவர்கள் தாழ்ந்தவர் ஆகிவிட மாட்டார்கள். மேலும் கீழும் வகுத்த உலகில் வாழ்ந்து சலித்த நாம், வேலைப் பிரிவினை வேறு, மனிதரைப் பிரிப்பது வேறு என்பதை நன்கு அறிவோம். இயக்குநரும் விளக்குப் பிடிப்பவரும் ஒரே பந்தியில் உண்ணுங்கள். அடுத்த படத்தில் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதற்படம் சிறந்த படமாக அமையாமற் போகலாம். அது முடிந்த பின்னரும் ஐவரும் கூடி இரண்டாம் படத்தைப் பற்றிப் பேசும் நிலையில் இருந்தால், அதுவே பெரும் வெற்றி. அவ்வெற்றி உங்களுக்குக் கிட்டுவதாக என்று வாழ்த்தி அமைகிறேன்.