வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த இயங்குதளம்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற புதியவர்கள், எல்லோருக்கும் திறந்து விடப்பட்டிருக்கிற இயங்குதளங்களில் எதை எடுத்துக் கொள்வது என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் பலர், "இதில் தெரிந்தெடுக்க என்ன இருக்கிறது? கம்ப்யூட்டர் வாங்கும்போதே விண்டோஸ் அதற்குள்ளேயே வந்து விட்டதே!" என்று நினைக்கலாம். நாமும் அதைத்தான் சொல்ல வந்தோம். நீங்கள் தெரிந்தெடுக்கவில்லை. உங்களுக்காகக் கம்பெனிக்காரரும் கடைக்காரரும் தெரிந்தெடுத்து விட்டார்கள். ஒரு வேஷ்டி வாங்கப் போனால் நாலு கடை ஏறி இறங்கி, துணியைக் கசக்கிப் பார்த்து, கரைச் சாயம் போகுமா என்று கேட்டு வாங்குகிற நாம், ஆயிரக்கணக்காய்ப் பணம் கொடுத்து வாங்குகிற யந்திரத்திற்குள் உட்கார்ந்து அதை ஆண்டு நடத்துகிற ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேட்காததால் வந்தது என்ன? 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இனிச் சாதாரணமாகப் பழுது பார்த்துக் கொடுப்பதில்லை என்று மைக்ரோசாப்ட் கம்பெனியார் நிறுத்தி விட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கு மேற்கொண்டு ஒரு வருஷம் தவணை கொடுத்தார்கள், அவ்வளவுதான். சரி, அடுத்ததான விண்டோஸ் 11-ஐப் போட்டுக் கொள்ளலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சாதனமும், அவர்கள் ஜாபிதாவில் கண்ட பிராசஸரும் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதுதானாம். அந்தப் பழைய யந்திரம் செய்த குற்றம் என்ன? விசைப்பலகை உடைந்ததா? திரை கருத்ததா? ஒன்றுமில்லை. நேற்று வரை பையன் பாடம் படித்ததும், வீட்டு அம்மாள் கணக்கு எழுதியதும் அதில்தான். நன்றாய் உழுகிற மாட்டை, லாடம் அடிக்கிறவன் இனி வரமாட்டேன் என்றான் என்பதற்காக யாராவது விரட்டி விடுவார்களா என்று கேட்கிறோம்.

இன்னும் சிலர், கடைத்தெருவில் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துத் திருட்டுப் பிரதி போட்டுக் கொள்ளுகிறார்கள். அதற்குள் யார் எதைச் சொருகி வைத்திருக்கிறார்கள் என்பது போட்டவனுக்கும் தெரியாது, போட்டுக் கொண்டவனுக்கும் தெரியாது. அதன் மேல்தான் பாங்குக் கணக்கைத் திறக்கிறோம்!

நிற்க, திறந்து விடப்பட்டது என்றால் என்ன? ஒரு புரோகிராமை எழுதியவர்கள், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்கிற மூலத்தையும் கூடவே கொடுத்து, யாரும் உபயோகிக்கலாம், பிரித்துப் படிக்கலாம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தலாம் என்று உரிமை எழுதிக் கொடுத்து விடுவதுதான். இலவசம் என்பது வேறு, இந்த உரிமை என்பது வேறு. நம்மவர்கள் இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் மற்றதை மறந்து விடுவதால் இதை அழுத்திச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983-ல் இந்த முறையில் ஒரு இயங்குதளத்தையே எழுதுவதென்று அறிவித்து ஆரம்பித்தார். 1991-ல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர், அதற்கு வேண்டியிருந்த உட்கருவை எழுதி வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். இன்று அதில் வேலை செய்கிறவர்களில் மிகப் பலர் பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்கிக் கொண்டே செய்கிறவர்கள். ஆகையால் இது யாரோ ஏமாளிகள் தர்மம் செய்வது என்று எண்ண வேண்டியதில்லை. உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதற்குள் இருப்பதும் லினக்ஸ் உட்கருவேதான்.

"லினக்ஸ் இஞ்சினீயர்களுக்குத்தான், நமக்கு வராது" என்பது அடுத்த பேச்சு. மலையாள நாட்டில், கேரள சர்க்காரின் கைட் என்கிற ஸ்தாபனத்தார் உபுண்டு என்கிற லினக்ஸைப் பள்ளிக்கூடங்களுக்கென்று மாற்றி அமைத்துக் கொடுத்து, சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் அதிலேயே படித்து வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் 2011-ல் ஆரம்பித்துச் சர்க்கார் கொடுத்த மடிக்கணினிகளில், விண்டோசோடு பாஸ் என்கிற லினக்ஸும் சேர்த்து வைக்கப்பட்டிருந்ததுண்டு. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

இனி எதை எடுப்பது? லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன. இதைச் சொன்னவுடனேயே புதியவர் பயந்து ஓடுகிறார். ஓடுவதற்கு அந்தந்த வகைக்காரர்களே முக்கியக் காரணம் என்று சொல்லுவோம். "என்னுடையதே உயர்ந்தது, உன்னுடையதைத் தொடுகிறவன் மூடன்" என்று அவர்கள் போட்டுக் கொள்ளுகிற சண்டையைப் பார்த்தால், காஞ்சீபுரத்து வடகலை தென்கலை நாமச் சண்டை தேவலை என்று தோன்றும். நீங்கள் அதில் மத்தியஸ்தம் செய்யப் போக வேண்டாம். கம்ப்யூட்டரில் உட்காரப் போகிறவர் யார், அவருக்கு என்ன வேலை ஆக வேண்டும், யந்திரத்தின் பலம் எவ்வளவு என்கிற மூன்றை மட்டும் பாருங்கள்.

நம்முடைய அபிப்பிராயம் கேட்டால், புதியவருக்கு லினக்ஸ் மின்ட் என்பதைச் சொல்லுவோம். 2006-ல் கிளெமென்ட் லெபெவ்ர் என்கிற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்தது. விண்டோசில் பழகியவருக்குக் கைக்குப் பிடிபடும்படி இடது கீழ் மூலையில் பட்டியல், கீழே வரிசைப் பட்டை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஏதாவது கெட்டுப் போனால் முந்தின நாள் நிலைமைக்குத் திருப்பிக் கொண்டு போக டைம்ஷிப்ட் என்கிற வசதி அதிலேயே இருக்கிறது. ஆனால் அதை முதல் நாளே முடுக்கி வைத்திருந்தால்தான் உதவும். 2024-ல் வந்த 22-ம் பதிப்புக்கு 2029 வரை பழுது பார்த்துக் கொடுப்பதாய்ச் சொல்லியிருக்கிறார்கள். 2 ஜீ.பி. நினைவு இருந்தால் ஓடும் என்கிறார்கள், 4 ஜீ.பி. இருந்தால்தான் சங்கடமின்றி இருக்கும். பலம் குறைந்த யந்திரமானால் அதிலேயே எக்ஸ்.எப்.சி.இ. என்கிற இலேசான பதிப்பை எடுங்கள்.

மின்ட் என்பது உபுண்டுவின் மேலும், உபுண்டு டெபியன் என்பதன் மேலும் கட்டப்பட்டவை. ஆகையால் உபுண்டுவுக்கு ஒருவர் எழுதி வைத்த வைத்தியம் பெரும்பாலும் மின்டுக்கும் செல்லும். உங்கள் ஊரில் உபுண்டு தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தால், நாம் சொன்னதைத் தள்ளிவிட்டு உபுண்டுவையே போட்டுக் கொள்ளுங்கள். கூப்பிட்டால் வருகிற மனிதர், எந்தப் பதிப்பை விடவும் மேலானவர். ஆர்ச், ஜென்டூ என்று பையன்கள் பெருமை பேசுவதெல்லாம் பின்னால் ஆசை வந்தால் பார்த்துக் கொள்ளலாம்.

ஆகாத காரியங்களையும் சொல்லி விட வேண்டும். கடையில் டாலி வைத்துக் கணக்கு எழுதுகிறவர், போட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துகிறவர் அவசரப்பட்டு மாற வேண்டாம். அவை லினக்ஸுக்கென்று செய்யப்பட்டவை அல்ல, அதில் நேராக ஓடா. மைக்ரோசாப்ட் ஆபீசுக்குப் பதில் லிப்ரெ ஆபீஸ் இருக்கிறது. கடிதத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும் தாராளமாய்ப் போதும். ஆனால் பிறர் அனுப்புகிற சிக்கலான பத்திரங்களில் வரி கொஞ்சம் முன்பின் ஆகும். சில அச்சு யந்திரங்களும், சில கம்பியில்லாத் தொடர்புச் சாதனங்களும் முரண்டு பிடிக்கும். தமிழ் எழுத்துக்கள் நன்றாகத் தெரியும். தமிழ்99 முறையில் தட்டவும் வழி உண்டு, ஆனால் அதை நாமே போய்ச் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை. நம்பாமலே பரீட்சித்துப் பார்க்க இதில் ஒரு வழி இருக்கிறது. 8 ஜீ.பி. பென்டிரைவ் ஒன்று வாங்கி, மின்ட்டை அதன் சொந்த இடத்திலிருந்தே இறக்கி, ரூபஸ் போன்ற ஒரு புரோகிராமால் அதில் எழுதி, யந்திரத்தை அதிலிருந்து முடுக்கினால், உள்ளேயிருக்கிற விண்டோசைத் தொடாமலே மின்ட் ஓடும். வேகம் சற்றுக் குறைவாயிருக்கும். இணையம் வருகிறதா, சத்தம் கேட்கிறதா, காமிரா தெரிகிறதா, அச்சு விழுகிறதா, மூடித் திறந்தால் விழித்துக் கொள்ளுகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் பென்டிரைவைப் பிடுங்கி விட்டால் தீர்ந்தது. பிடித்தால் மாத்திரம் உள்ளே போடுங்கள். அதற்கு முன் போட்டோக்கள், பத்திரங்கள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்து விடுங்கள். போடும்போது, விண்டோசுக்குப் பக்கத்தில் வைப்பதா, டிஸ்க் முழுவதையும் அழித்து விட்டுப் போடுவதா என்று கேட்கும். அந்த இடத்தில் மட்டும் படிக்காமல் பொத்தானை அமுக்கி விடாதீர்கள்.

அதோ அந்த மேஜையில் பத்து வருஷத்துப் பழைய மடிக்கணினி ஒன்றில் பென்டிரைவ் சொருகி வைத்திருக்கிறது. பேச்சை இத்துடன் நிறுத்திக் கொள்ளுகிறோம். ஒவ்வொருவராய் வந்து உட்கார்ந்து பாருங்கள். பெண்கள் முதலில் வரட்டும். வீட்டில் ஆண்கள் எழுந்திருக்கும் வரை அவர்கள் காத்திருந்தது போதும்.