கணக்குக் கேட்கும் பிள்ளைகள்: மகமைப் பள்ளியும் இளைஞர் தலைமையும்

  இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், அதை நிறுவியவரின் கல்விப் பற்றைச் சில சொற்களில் நினைவுகூர வேண்டும் என்பது விதி. அவர் பலருக்குக் கட்டணம் கட்டியவர், யாருக்குக் கட்டினார் என்பதை வெளியே சொல்லாதவர். அந்த மௌனத்தை மதித்து நானும் இத்துடன் நிறுத்திக்கொண்டு பொருளுக்கு வருகிறேன்.

‘நன்கொடையால் நடக்கும் இளைஞர் கல்வியும் தலைமைப் பயிற்சியும்’ என்ற தலைப்பை நான் கொடுத்ததும், முன்வரிசையில் இருக்கும் சிலர் சிரித்திருப்பார்கள். எங்களுக்குள் நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. கருத்தரங்குகளில் தொடங்கித் தேநீர் இடைவேளைகளில் வளர்ந்து, ஒருமுறை ஆய்வேட்டு வாய்மொழித் தேர்விலும் வெடித்தது. தலைமை என்பது பாடத்திட்டத்தால் வருவது என்பது அவர்கள் கட்சி. நல்ல பயிற்றுநர், நல்ல முகாம், மேடைப் பேச்சுப் பயிற்சி, குழு விளையாட்டு, இவற்றுக்குச் செலவழிக்கத் தாராளமான கொடையாளர், இவ்வளவும் அமைந்தால் சேரிப் பிள்ளையும் கிராமத்துப் பிள்ளையும் தலைவராகிவிடுவார்கள் என்கிறார்கள். பணம் எந்த வழியாக வருகிறது, அதற்கு யார் யாரிடம் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் தலைமை உருவாகிறது அல்லது கெடுகிறது என்பது என் கட்சி. முகாமில் என்ன கற்றுக்கொடுத்தாலும், அதன் முடிவில் பிள்ளையை உட்காரவைத்துக் கொடையாளருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னால், அவன் மனத்தில் தங்கும் பாடம் அந்தக் கடிதம்தான்.

இதைச் சொன்னால் ‘நீங்கள் நன்றியுணர்வுக்கு எதிரி’ என்பார்கள். இன்று ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்து அந்தப் பேச்சை முடித்துவிட எண்ணுகிறேன்.

விருதுநகர்

1880களில், அன்று விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகரில், நாடார் சமூகத்தின் ஊர் அமைப்பான உறவின்முறையார் க்ஷத்ரிய வித்யாசாலையைத் தொடங்கினார்கள். கட்டணம் இல்லாத பள்ளி. கோயில் நுழைவு முதல் சந்தை உரிமை வரை ஒவ்வொன்றுக்கும் அந்தச் சமூகம் மல்லுக்கட்டிய காலம் அது. 1895இல் கழுகுமலைக் கலவரம், 1897இல் கமுதிக் கோயில் நுழைவு, 1899இல் சிவகாசிக் கலவரம் என அடுத்தடுத்து வந்த நெருக்கடிகளுக்கு நடுவில்தான் பள்ளி நடந்தது. ஜமீன்தார் யாரும் நிலம் எழுதிவைத்து உண்டான பள்ளியல்ல. சீமையிலிருந்து மிஷன் பணமும் வரவில்லை. மகமையும் பிடி அரிசியும்தான் அதை நடத்தின.

மகமை உங்களில் வணிகக் குடும்பத்தாருக்குத் தெரிந்ததுதான். பருத்தி, மிளகாய், பயறு என்று எதை விற்றாலும் வாங்கினாலும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொதுநிதிக்குப் போகும். தென்மாவட்ட மண்டிச் சீட்டுகளில் அந்த ஒற்றை வரியை இன்றும் பார்க்கலாம். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் வரலாற்று நூலில் வணிகர் தங்கும் வளாகங்களான பேட்டைகள், உறவின்முறை, மகமை ஆகிய மூன்றும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்நூலை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் சாதி எழுச்சிக்கான சான்றாக மட்டுமே வாசிக்கிறார்கள். நிதி நிர்வாகம் பற்றி அதில் இருப்பதை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தாண்டக் கூடாத இடம் அது. மகமையைத் தண்டுவதும் கணக்கு வைப்பதும் முறைகாரர் பொறுப்பு. அந்தப் பொறுப்பு ஒரே பெரிய மனிதரிடம் தேங்கிக் கிடக்காமல் முறைவைத்து மாறிமாறி வந்தது. மணமான ஆண் தலைக்கட்டாகிறான், அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கிடப்படுகிறான், வரி கொடுக்கிறான், முறை வரும்போது கணக்கும் அவன் கைக்கு வருகிறது. கூட்டம் கூடும்போது வரவு செலவை வாசிக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சித்தப்பா இருப்பார், கடன்காரர் இருப்பார், போட்டிக் கடைக்காரரும் இருப்பார். ‘கோயிலுக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்கிறாயே, மீதி எங்கே?’ என்று அவர்களில் எவரும் கேட்கலாம். எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவனுக்கு வயது இருபத்தைந்து இருக்கலாம். நம் முகாம்களில் மேடைக் கூச்சத்தைப் போக்க மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறோமே, அந்தக் கூச்சம் இங்கே ஒரே மாலையில் போயிருக்கும்!

இன்னொன்று. மகமையில் கொடையாளர் என்று தனியாக யாரும் இல்லை. சீட்டில் எழுதிய நொடியிலிருந்தே அந்தத் தொகை வணிகரின் பணம் அல்ல. வடநாட்டு வணிகர்களிடம் இதைப் போலவே ‘தர்மாதா’ என்றொரு வழக்கம் உண்டு. அது விற்பவரின் வருமானமா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் 1979இல் வந்த தீர்ப்பு, அறத்துக்கென்று தொடக்கத்திலேயே குறித்து வாங்கப்பட்ட அத்தொகை விற்பவரின் வருமானம் ஆகாது என்றது. வரிச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு மட்டுமே தெரிந்த தீர்ப்பு இது. சமூகவியல் துறையிலும் பாடமாக வைக்க வேண்டும் என்பேன். பணம் கொடுத்தவருடையது அல்ல என்றால் அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்தப் பள்ளியில் படித்த பையன் எந்த முதலாளியின் முன்னும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டியதில்லை.

பிடி அரிசி இதைவிட நுட்பமானது. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். வீடு வீடாகத் திரட்டிய அந்த அரிசி பள்ளிக்குப் போகும். இதைப் பெண்களின் தியாகம் என்று நம் நூல்கள் உருகி எழுதுகின்றன. எனக்கு அந்த உருக்கத்தில் ஈடுபாடு இல்லை. ஒரு பிடி அரிசி கொடுப்பதால் எந்த வீடும் பட்டினி கிடந்துவிடாது. பெரிய வீட்டு அம்மாளுக்கும் கூலிக்காரர் மனைவிக்கும் பிடி ஒன்றுதான். அதுதான் அந்த ஏற்பாட்டின் சூட்சுமம். தொகை சிறியதாகவும் எல்லோருக்கும் ஒன்றாகவும் இருந்துவிட்டால், கொடுத்ததை வைத்து யாரும் பெருமை கொள்ள முடியாது. ‘வாத்தியார் ஏன் இன்று வரவில்லை?’ என்று கேட்கும் உரிமை மட்டும் கொடுத்த எல்லோருக்கும் வந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைக்கும் பாட்டி பள்ளியின் பங்குதாரர். தெருவில் போகும் பையனை நிறுத்தி ‘இன்றைக்கு என்ன படித்தாய்?’ என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு அதிகாரம் உண்டு.

இங்கே காமராசர் வருவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். வருகிறார். 1903இல் பிறந்தவர், அந்தப் பள்ளியில் படித்தவர், தந்தையை இழந்து ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் துணிக்கடைக்குப் போனவர். விநாயகர் சதுர்த்திப் பிரசாதம் வாங்கும்போது முண்டியடிக்காமல் நின்ற கதையைக் குழந்தைகள் நூல்கள் விடாமல் சொல்கின்றன. அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. ‘உங்கள் கோட்பாட்டின்படி மணமாகாத காமராசருக்குக் கணக்கு எழுதும் முறையே வந்திருக்காதே’ என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான மடக்கு. ஒரு பள்ளியின் தரத்தை அதில் படித்த ஒரு மாமனிதரைக் காட்டி நிறுவுவது கொடையாளர் அறிக்கைகளின் வேலை. அதே வகுப்பில் படித்து, பெயர் தெரியாமல் போய், கடைவீதியில் கணக்கு வாசித்த நூற்றுக்கணக்கானவர்கள்தான் எனக்குச் சாட்சி. 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும் 1962இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் அவ்வூரில் எழ முடிந்தது என்றால், பொதுப்பணத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள் என்பதுதான் காரணம்.

எதிர்க்கட்சியின் வாதங்கள்

முதல் வாதம் வலுவானது. இது ஒரு சாதியின் நிதி. இதை எப்படிச் சமுதாயத் தலைமைக்கு முன்மாதிரி என்கிறீர்கள்? பள்ளி எல்லாச் சாதியாருக்கும் திறந்திருந்தது என்று ஹார்ட்கிரேவ் எழுதுகிறார். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். பள்ளிக்குள் வரலாம் என்பது வேறு, கணக்குக் கேட்கலாம் என்பது வேறு. உறவின்முறைக்கு வெளியே இருந்தவருக்கு இரண்டாவது உரிமை கிடையாது. அரிசி கொடுத்த பெண்களுக்குக் கூட்டத்தில் இடமும் இல்லை. என் கோட்பாட்டை இது உடைக்கிறது என்கிறார்கள்; எனக்கு அது உறுதிப்படுவதாகத்தான் தெரிகிறது. அந்த ஊரின் பொதுக்காரியங்களில் யாருடைய குரல் எழுந்தது, யாருடைய குரல் எழவில்லை என்று பாருங்கள்; கணக்குக் கேட்கும் உரிமை எங்கே நின்றதோ அங்கேயே தலைமையும் நின்றது.

இரண்டாவது வாதம், பிடி அரிசியால் பொறியியல் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியுமா என்பது. முடியாதுதான். பெரிய கொடை வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010இலிருந்து ‘விதை’ திட்டத்தின் வழியாக, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைத் தாங்குகிறது. அந்தப் பணம் மூட்டைக்குக் காலணாவாகச் சேர்ந்ததல்ல. ஆனால் தன்னார்வலர் வீட்டுக்கே போய் நிலைமையைப் பார்த்து மாணவரைத் தேர்வு செய்யும் முறை அங்கே இருக்கிறது. படித்து முடித்த பிள்ளைகள் தன்னார்வலராகத் திரும்பி வருவதும் உண்டு. அடுத்த பிள்ளைக்கு உதவி வேண்டுமா என்று முடிவெடுக்கும் இடத்தில் முன்னாள் மாணவர் உட்காருவதைத்தான் நான் தலைமைப் பயிற்சி என்கிறேன். மேடையில் அவர் கண்கலங்கித் தன் கதையைச் சொல்வது அதற்குக் கீழேதான்.

கொடையாளர் மேடை ஏறிய கதை

நேரம் குறைவாக இருப்பதால் இதைச் சுருக்குகிறேன். 1956இல் நம் பள்ளிகளில் மதிய உணவு ஊரார் உதவியோடு தொடங்கியது. பிறகு அரசு பெரும்பங்கையும் ஊர் மீதிப் பங்கையும் ஏற்றன. 1958 முதல் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் தேவைப் பட்டியல் போடப்பட்டது. ஊரார் நிலமும் கட்டடமும் தளவாடமும் தந்தார்கள். மகத்தான இயக்கம், அதைப் பழிப்பவன் அல்லன் நான். ஆனால் கணக்கு வாசிக்கும் கூட்டம் கொடையைப் பாராட்டும் கூட்டமாக மாறியதும் அப்போதுதான் என்று ஐயுறுகிறேன். 1961இல் மதிய உணவுக்குக் ‘கேர்’ அமைப்பின் வெளிநாட்டு உணவுப் பொருள் வந்தது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெருநிறுவனங்கள் இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே இருந்த தெரு மறைந்து, அங்கே ஓர் அறிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. அறிக்கை மேலே போகிறது. கீழே, பிள்ளைகளிடம், யாரும் அதை வாசித்துக் காட்டுவதில்லை.

செய்ய வேண்டியவை

சில குறிப்புகள் மட்டும். கணக்கு நோட்டுகள் தேடப்பட வேண்டும். தென்மாவட்ட உறவின்முறைகளின் பழைய வரவுசெலவுப் பதிவுகள் எந்தெந்தப் பெட்டிகளில் கிடக்கின்றனவோ, கரையான் முந்துவதற்குள் படியெடுக்க வேண்டும். டென்னிஸ் டெம்பிள்மேன் 1996இல் வெளியிட்ட வடபகுதி நாடார் பற்றிய நூலை ஹார்ட்கிரேவோடு ஒப்பிட்டு, முறைகாரர் வயதை மட்டும் யாராவது ஆராயலாம். நல்ல எம்.ஃபில். பொருளாக இருந்திருக்கும், அந்தப் பட்டத்தைத்தான் எடுத்துவிட்டார்களே. பிடி அரிசி வேறு ஊர்களிலும், வேறு சமூகங்களிலும், மடங்களிலும் இருந்தது. பெண்கள் கையில் அதன் நிர்வாகம் இருந்த இடம் ஏதேனும் உண்டா என்று பார்க்க வேண்டும். மதிய உணவில் ஊர்ப்பங்கு எப்போது, எப்படித் தேய்ந்தது என்பதற்கு மாவட்டக் கோப்புகள் உதவும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முக்கால் பங்கு பெற்றோர். நம் மாநிலத்தில் இப்போது முன்னாள் மாணவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் கூட்டத்தில் என்ன கேள்வி கேட்கிறார்கள் என்று ஓராண்டு உடனிருந்து பதிவு செய்ய ஆள் வேண்டும். இந்த அறக்கட்டளையின் உதவித்தொகை பெறும் மாணவர்களில் இருவரை அதன் கணக்குக் குழுவில் சேர்க்கலாமா என்று நிறுவியவரின் குடும்பத்தாரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.