ஏரி ஒன்று, சர்க்கார் இரண்டு
(லைட்ஹவுஸ் குப்பத்தில் ஆற்றிய உரை)



1953-க்கு முன் பழவேற்காட்டு ஏரி முழுவதும் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. மொழிவாரி ராஜ்யம் மக்கள் போராடிப் பெற்ற உரிமை. அதை நாம் வரவேற்றோம். பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் எல்லை திருத்தப்பட்டது. திருத்தணி இங்கே வந்தது. சத்தியவேடு அங்கே போயிற்று. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலேயே நின்றது. 1997-ல் ஜில்லா பிரிந்து, நம் குப்பம் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தது.

நிலத்தில் எல்லைக்கல் நடலாம். தண்ணீரில் எங்கே நடுவது? பழவேற்காட்டு முகத்துவாரம் நம் பக்கத்தில் இருக்கிறது. அது மணலால் தூர்ந்தால் கடல்நீர் ஏறாது. இறாலும் மீன்குஞ்சும் உள்ளே வரா. அப்போது தமிழ் பேசும் மீனவன் அடுப்பு மட்டுமா அணையும்? தெலுங்கு பேசும் மீனவன் அடுப்பும் அணையும்!

எல்லையைக் காட்டி ஏழையை ஏழையோடு மோதவிடுவது முதலாளிகளின் பழைய தந்திரம். மில் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் இதை நன்கு அறிவர்.

ஆகவே நாம் கோருகிறோம்: முகத்துவாரத்தையும் மீன்பிடி உரிமையையும் இரு சர்க்கார்களும் கூடிப் பேசித் தீர்க்கட்டும். அந்தப் பேச்சில் இரு கரை மீனவர்களுக்கும் இடம் வேண்டும்!