மூடி மேல நெருப்பு

சனிக்கிழமை விடியக்காலைல எங்க மாதவரம் பஸ் டெர்மினஸ்ல நின்னு பாருங்க, முதுகுல பெரிய பையோட நாலு பசங்களாவது கண்ல படுவாங்க. தடா, நாகலாபுரம், இல்லன்னா பழவேற்காடு. இப்போ அந்தப் பைக்குள்ள புதுசா ஒரு ஐட்டம் சேர்ந்திருக்கு: டச்சு அவன். கனமான வார்ப்பு இரும்புச் சட்டி, அதே கனத்துல மூடி. 12 அங்குலச் சட்டின்னா எட்டு கிலோவுக்கு மேல. பேர்ல டச்சு இருந்தாலும், 1707ல இதுக்கு வழி திறந்த காப்புரிமை வாங்கினவர் ஆபிரகாம் டார்பிங்கிற இங்கிலாந்துக்காரர். மணல் அச்சுல வார்க்கிற வித்தைதான் டச்சுக்காரங்க கிட்ட இருந்து வந்தது.

இவ்வளவு கனத்தைத் தூக்கிட்டுப் போய் எதுல சமைக்கிறது? கேஸா, விறகா, கரியா?

நம்ம ஊர் பிரியாணி மாஸ்டர் தம் போடுறதைப் பார்த்திருப்பீங்க. அரிசி முக்கால் பதம் வந்ததும் அடுப்புல எரியுற விறகை வெளிய இழுத்துடுவார். தேக்சாவை மூடி, மூடி மேல கங்கை அள்ளிப் போடுவார். கீழ லேசான சூடு, மேல நல்ல சூடு. டச்சு அவன் வேலை செய்யறதும் அதே கணக்குதான். அதனாலதான் அதோட மூடி தட்டையா, ஓரத்துல விளிம்பு வச்சு இருக்கும், கங்கு உருண்டு விழாம.

கேஸ்ல இது நடக்காது. சூடு கீழ இருந்து மட்டும்தான். வார்ப்பு இரும்பு அலுமினியம் மாதிரி சூட்டைச் சட்டுனு பரப்பாது, அதனால சின்ன கேம்பிங் அடுப்போட தீ படுற நடு இடம் மட்டும் அடிப்பிடிக்கும். கிளறிக்கிட்டே இருக்கிற குழம்புன்னா ஓகே. தம், ரொட்டி, கேக் எதுவும் சரியா வராது. பழவேற்காடு காத்துல அந்தத் தீ நிக்கறதே பெரிய விஷயம். மணலி ரிஃபைனரி தீயைப் பார்த்து வளர்ந்தவன் நான், கேஸ் மேல எனக்கு விரோதம் ஒண்ணும் இல்ல. ஆனா ரயில்ல மட்டும் சிலிண்டர் எடுத்துட்டுப் போகவே கூடாது. 2023 ஆகஸ்ட்ல மதுரையில நின்னுட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில ஒன்பது பேர் செத்தது, உள்ள கொண்டுவந்த சிலிண்டரால.

விறகுன்னா சவுக்குதான். நல்லா எரியும், கங்கும் நல்லா விழும். ஆனா எரியுற தீ மேல சட்டியை வைக்காதீங்க, சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது. கங்கு விழற வரைக்கும் ஒரு மணி நேரம் காத்திருக்கப் பொறுமை வேணும். ரிசர்வ் ஃபாரஸ்ட்ல தீ மூட்டறது சட்டப்படி குற்றம், அங்க விறகும் கிடையாது கரியும் கிடையாது. வீட்ல கட்டின புளிசோறுதான்.

என் ஓட்டு கரிக்கு. இஸ்திரி வண்டிக்காரர் வாங்குற அதே அடுப்புக்கரி போதும். வெளிநாட்டு வீடியோல ஒரு கணக்கு சொல்வாங்க: 12 அங்குலச் சட்டிக்கு மேல 15 துண்டு, கீழ 9. அது ஒரே அளவுல அச்சுல அடிச்ச கரிக்கு. நம்ம கரி ஒண்ணு விரல் அளவு, ஒண்ணு தேங்காய் அளவு. எலுமிச்சம்பழ அளவுக்கு உடைச்சுக்கிட்டா அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். கீழ வைக்கிறதை நடுவுல குவிக்காம வட்டமா வைங்க. பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் சட்டியை ஒரு பக்கமும் மூடியை எதிர்ப்பக்கமும் கால் வட்டம் திருப்புங்க. கொட்டாங்குச்சிக் கரி சீக்கிரம் பிடிக்கும், மெல்லிசுங்கறதால சீக்கிரம் அடங்கவும் செய்யும். டச்சு அவன் வாங்கக் காசு இல்லையா? இரும்புச் சட்டி மேல தோசைக்கல்லைக் கவுத்தாம நேரா வச்சு, அதுல கங்கைப் பரப்புங்க. அருமையா வரும்.

எப்போ சமைக்க ஆரம்பிக்கலாம்? கரி மேல வெள்ளையாச் சாம்பல் படியும் பாருங்க, அப்போ. நீறு பூத்த நெருப்புன்னு சொல்றோமே, அதேதான். புகை இருக்காது. ஆபத்தும் அங்கதான் இருக்கு. புகை இல்லாத கங்குல இருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துட்டே இருக்கும், அதுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல. 2024 ஆகஸ்ட்ல கொடைக்கானல்ல, கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சுட்டுத் தூங்கின நண்பர்கள்ல ரெண்டு பேர் எழுந்திருக்கவே இல்ல. குளிருதுன்னு தோணும், மழை தூறும், 'அணைஞ்சுதான் போச்சே'ன்னு யாராவது சொல்வாங்க. டென்ட்டுக்குள்ள கங்கு வரவே கூடாது. வாசல் திறந்திருந்தாலும் கூடாது.

கடற்கரையில சமைச்சீங்கன்னா முடிச்சதும் கங்கை மணல் போட்டு மூடாதீங்க. மணலுக்கு அடியில அது மணிக்கணக்கா சூடாவே இருக்கும், மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது. காலைல வலை இழுக்க வர்றவங்க வெறுங்காலோட நடப்பாங்க. தண்ணி ஊத்துங்க, குச்சியால கிளறுங்க, இன்னொரு தடவை ஊத்துங்க. 'சுர்'ருனு சத்தம் நிக்கிற வரைக்கும்.